மாடி சாவி யார்கிட்ட இருக்கு?

இந்த எபிசோடை ஃபேனை நிறுத்திட்டுதான் ரெக்கார்ட் பண்றேன். ஃபேன் சத்தம் மைக்ல விழுது. மணி ராத்திரி பத்தரை. வேர்வை வழிஞ்சு ஹெட்ஃபோன் குஷன் நனைஞ்சாச்சு. இந்த நிலைமையில நான் பேசப் போறது கோடைக்காலத்தோட சின்னச் சின்ன சந்தோஷங்களைப் பத்தி. சிரிக்காதீங்க.

ஒண்ணை முதல்லயே சொல்லிடறேன். மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம பிரியாணியைத் தூக்கிட்டு பைக்ல வர்றவர்கிட்ட போய் "சம்மர் எவ்வளவு அழகு இல்ல?"ன்னு கேட்டா, அவர் அந்தப் பிரியாணியை நம்ம தலையில கவிழ்த்தாலும் தப்பில்லை. அதனால நான் வெயிலைப் புகழப் போறதில்லை. வெயில் இறங்கினதுக்கு அப்புறம் என்ன இருக்குன்னுதான் பேசப் போறேன். குறிப்பா, மொட்டை மாடி.

எனக்குச் சொந்த ஊர் வேலூர். தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலைன்னு எங்க ஊரைக் கிண்டல் பண்ணுவாங்க. சுத்தி பாறை மலை, பக்கத்துல கடல் கிடையாது. மே மாசம் அடுப்புக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கும். ஆனா எங்க ஆயா வீட்டுல சாயங்காலம் ஆறு மணி ஆச்சுன்னா பிள்ளைங்களுக்கு ஒரு வேலை வரும். குடத்துல தண்ணி தூக்கிட்டுப் போய் மாடித் தரையில தெளிக்கணும். முதல் குடம் ஊத்தும்போது தரையில இருந்து ஆவி கிளம்பும். ஒரு வாசனை வரும் பாருங்க, மழை வாசனைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. மூணாவது குடத்துக்கு அப்புறம்தான் கால் வைக்க முடியும். ஒன்பது மணிக்கு வரிசையா பாய் விரிச்சு, மாமா பிள்ளைங்க, பெரியம்மா பிள்ளைங்கன்னு பத்துப் பேர் படுப்போம். ஓரத்துல யாருங்கிறதுக்கு ஒரு சண்டை. ஓரத்துலதான் காத்து வரும், ஆனா பேயும் அங்கதான் முதல்ல வரும்னு ஒரு அண்ணன் கிளப்பிவிட்டிருந்தான்.

எனக்குப் பதிமூணு வயசு ஆச்சு. அந்த வருஷம் லீவுக்குப் போனப்போ பாயை எடுத்துட்டு படியேறினேன். ஆயா கீழ இருந்து கூப்பிட்டாங்க. "நீ இனிமே கீழ படு கண்ணு. பெரிய பொண்ணாயிட்ட." அவ்வளவுதான். என் கூட ஓடினவனுங்க எல்லாம் மேல. நான் கீழ ஹால்ல, டேபிள் ஃபேன் முன்னாடி. அவங்க சிரிக்கிற சத்தம் கூரை வழியா கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

சின்ன சந்தோஷங்கள்னு பேசறவங்க பொதுவா "காசே வேண்டாம், எல்லாம் இலவசம்"னு சொல்லுவாங்க. காசு வேண்டாம், சரி. ஆனா அனுமதி வேணும். இதை நான் பதிமூணு வயசுலயே கத்துக்கிட்டேன்.

இப்போ சென்னை. நானும் என் ஃப்ரெண்டும் கடைசி மாடி ஃப்ளாட்ல வாடகைக்கு இருக்கோம். கடைசி மாடியில இருக்கிறவங்களுக்குத் தெரியும், நம்ம தலைக்கு மேல இருக்கிற கான்கிரீட் பகல் முழுக்கச் சூட்டைக் குடிச்சு வெச்சுக்கிட்டு, ராத்திரியில அதை மெதுவா நம்ம மேல இறக்கும். வெளியே காத்து குளிர ஆரம்பிச்சிருக்கும், வீட்டுக்குள்ள இன்னும் மத்தியானம்தான். அந்தக் கூரைக்கு மேல ஏறிப் படுத்தா போதும், திறந்த வானத்தைப் பார்த்திருக்கிற தரை சீக்கிரம் ஆறிடும். பதினாலு படி ஏறணும். படி முடியற இடத்துல ஒரு கதவு. கதவுல ஒரு பூட்டு. சாவி ஹவுஸ் ஓனர்கிட்ட. "பேச்சிலர்ஸுக்கு மாடி கிடையாதும்மா." குடிவந்த அன்னிக்கே சொல்லிட்டார். ரெண்டு வருஷம் நாங்க மறுபேச்சு பேசல.

போன வருஷம் ஏப்ரல்ல எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் நடுவுல இருக்கிற ஊர்களில் வருஷத்துக்கு ரெண்டு நாள் சூரியன் சரியா தலைக்கு மேல வரும். அந்த நேரத்துல நேரா நிக்கிற எதுக்கும் நிழல் பக்கத்துல விழாது. நிழலில்லா நாள்னு சொல்றாங்க. கன்னியாகுமரியில ஏப்ரல் இரண்டாவது வாரத்துலயே வந்துடும், சூரியன் வடக்க நகர நகர மதுரை, திருச்சின்னு ஏறி, சென்னைக்கு ஏப்ரல் 24ஐ ஒட்டி வரும். திரும்பி தெற்க போகும்போது ஆகஸ்ட் 18 வாக்குல இன்னொரு தடவை. நேரம் மதியம் சரியா 12 இல்ல, ஏப்ரல்ல ஒரு ஏழு நிமிஷம் தள்ளி. நம்ம கடிகார நேரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு ஏத்த மாதிரி வெச்சது, சென்னை அதுக்குக் கொஞ்சம் மேற்க இருக்கு. அதான் பெரும்பாலான காரணம்.

இதை அப்படியே போய் ஓனர் அங்கிள்கிட்ட சொன்னேன். "அங்கிள், நாளைக்குப் பன்னெண்டு மணிக்கு மட்டும் மாடியைத் திறந்து விடறீங்களா? நிழல் காணாமப் போறதைப் பார்க்கணும்." அவர் ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். என்னை ரெண்டு நிமிஷம் பார்த்தார். மறுநாள் அவரே சாவியோட வந்தார், தலையில ஈரத் துண்டு, கையில ஒரு எவர்சில்வர் டம்ளர். டம்ளரைத் தரையில வெச்சோம். சின்னதா ஒரு பிறை மாதிரி நிழல் இருந்துச்சு. அது மெலிஞ்சு, மெலிஞ்சு, டம்ளருக்கு அடியில போயிடுச்சு. அங்கிள் குனிஞ்சு டம்ளரைச் சுத்திச் சுத்திப் பார்த்தார். "முப்பது வருஷம் முக்கோணவியல் நடத்தினேன், இதைப் பார்த்ததில்லையே"ன்னார். செருப்பு வழியா சூடு ஏறிடுச்சு, நாங்க இறங்கிட்டோம். ஆனா சாவியை அன்னிக்கு என்கிட்டயே கொடுத்துட்டுப் போனார். சாயங்காலம் கேட்பார்னு நினைச்சேன். கேட்கல.

மே மாசம், கத்திரி ஆரம்பிச்ச வாரம், அம்மா வேலூர்ல இருந்து வந்தாங்க. வரும்போதே ஒரு மண்பானை, பஸ்ல மடியில வெச்சுக்கிட்டு. ஒரு நாள் தண்ணி ஊத்தி ஊற வெச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, வெட்டிவேர் போட்டு வெச்சாங்க. வேலூர் அளவுக்குச் சில்லுன்னு ஆகல. பானை தண்ணியைக் குளிர வைக்கிறது அதோட சுவர்ல கசியற ஈரம் ஆவியாகிப் போறதாலதான். சென்னைக் காத்துல ஏற்கனவே ஈரம், இன்னும் ஈரத்தை அது எங்க வாங்கிக்கும்? இதை நான் விளக்கினேன். அம்மா "உங்க ஊர் தண்ணி சரியில்ல"ன்னு முடிச்சுட்டாங்க.

மாடி சாவி நம்மகிட்ட இருக்குன்னு தெரிஞ்சதும் அவங்க முதல்ல கேட்டது, "வத்தல் போடலாமா?" விடியக்காலையில எழுந்து கூழ் கிண்டினாங்க. பச்சரிசி மாவு, பச்சை மிளகாய், சீரகம், பெருங்காயம், கடைசியில எலுமிச்சம்பழம். அப்பாவோட பழைய வேட்டியை விரிச்சு அச்சுல பிழிஞ்சோம். காக்காவுக்குக் குடை ஒண்ணு நட்டு, கறுப்புத் துணி ஒண்ணு கட்டினோம். சாயங்காலம் முழுசா காயாத வத்தலை ஆளுக்கு நாலு பிய்ச்சுத் தின்னோம். மேல மொறுமொறுன்னு, உள்ள இன்னும் கூழ். இதை எந்தக் கடையிலயும் விக்க மாட்டாங்க, விக்கவும் முடியாது, ஏன்னா மறுநாள் காஞ்சிடும். ரெண்டாம் நாள் துணியோட பின்பக்கம் தண்ணி தெளிச்சு உரிச்சு எடுத்தோம். ஒரு டப்பா ஓனர் வீட்டுக்குப் போச்சு. அதுக்கப்புறம் சாவியைப் பத்தி யாரும் பேச்சே எடுக்கல.

மூணாவது நாள் ராத்திரி, சாப்பிட்டு முடிச்சு, நான் பாயை எடுத்தேன். "வாம்மா, மேல படுக்கலாம்." அம்மா கையில இருந்த தட்டைக் கழுவிக்கிட்டே, "நான் எப்படி?"ன்னாங்க. முதல்ல எனக்குப் புரியல. மூட்டு வலியால படி ஏற முடியாதோன்னு நினைச்சேன். அப்புறம்தான் சொன்னாங்க. "வயசுக்கு வந்ததுல இருந்து மாடியில படுத்ததில்லடி. நாப்பது வருஷம் இருக்கும்."

ஆயா என்னைக் கீழ கூப்பிட்டப்போ அம்மா பக்கத்துலதான் நின்னாங்க. ஒண்ணும் சொல்லல. அதுக்கு ரொம்ப வருஷம் நான் கோவமா இருந்தேன். அவங்களையும் அதே படியில இருந்து ஒருத்தர் கூப்பிட்டிருப்பாங்கன்னு எனக்குத் தோணினதே இல்ல.

பத்து மணிக்கு ஏறினோம். மாடிக் கதவை இந்தப் பக்கமா தாழ் போட்டோம், அம்மா அதை ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தாங்க. தரையில தண்ணி தெளிச்சோம், சென்னைத் தண்ணி கஷ்டத்துக்கு அரை பக்கெட்தான். மேற்குக் காத்து பலமா அடிக்கிற நாள்ல கடல்காத்து ஊருக்குள்ள வர முடியாம நிக்கும், அப்பதான் வெயில் நாப்பதைத் தாண்டும். 2003 மே 31 அன்னிக்கு நுங்கம்பாக்கத்துல 45 டிகிரி வரைக்கும் போயிருக்கு. அன்னிக்கு எங்களுக்கு அதிர்ஷ்டம், மத்தியானமே கடல்காத்து வந்துடுச்சு, ராத்திரியிலயும் லேசா இருந்துச்சு. தெருமுனையில வாங்கின நுங்கு ஆறு இருந்தது. அம்மா தோலோடயே சாப்பிடணும்னு சொல்லுவாங்க. எனக்கு அந்தத் துவர்ப்பு ஆகாது, உரிச்சுட்டுதான். கட்டைவிரலால ஒண்ணை அழுத்தினேன், உள்ள இருந்த தண்ணி அம்மா கண்ணாடி மேல பீய்ச்சி அடிச்சது. அப்படி ஒரு சிரிப்பு. பக்கத்து மாடியில யாரோ லைட்டைப் போட்டு எட்டிப் பார்த்தாங்க. அம்மா டக்குனு வாயைப் பொத்திக்கிட்டாங்க. லைட் அணைஞ்சதும் மறுபடி சிரிச்சாங்க.

நட்சத்திரம் எல்லாம் பெருசா தெரியல, சென்னை வானம் ஆரஞ்சு கலர். அம்மா ரொம்ப நேரம் தூங்கல. "எங்க வீட்டுல நான் எப்பவும் ஓரத்துல படுப்பேன்"ன்னாங்க. "பேய் வராதா?"ன்னு கேட்டேன். "பேய்க் கதையைக் கிளப்பிவிட்டதே நான்தான்டி, அந்த இடம் வேணும்னு."

ஒரு வாரம் அப்படிப் படுத்தோம். விடியறப்போ தலையணை பிசுபிசுன்னு இருக்கும், ஒருநாள் கொசு பிடுங்கிடுச்சு, அஞ்சே முக்காலுக்கே வெளிச்சம் கண்ணுல குத்தும். அதையும் சொல்லணும் இல்லையா.

அம்மா இப்போ வேலூர்ல இருக்காங்க. அந்த வீட்டு மாடி அவங்க மாடிதான், பூட்டு கூட கிடையாது. ஆனா போன வருஷம் முழுக்க ஒரு நாளும் மேல படுக்கல. அக்கம்பக்கத்துல என்ன சொல்லுவாங்களோன்னு. போன வாரம் ராத்திரி ஒன்பதரைக்கு ஃபோன் பண்ணினேன். காத்து சத்தம் கேட்டுச்சு. "எங்கம்மா இருக்க?" "மாடியில. வத்தல் துணியை எடுக்க வந்தேன்." "ராத்திரி ஒன்பதரைக்கா?" "ஆமா. கொஞ்சம் காத்து வாங்கிட்டு இறங்கிடுவேன்." பாய் உதறுற மாதிரி ஒரு சத்தம் வந்துச்சு. நான் ஒண்ணும் கேட்கல.

சரி, நான் ஃபேனைப் போட்டுக்கறேன். உங்க வீட்டு மாடி சாவி யார்கிட்ட இருக்குன்னு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.