கண்ணைப் பறித்த கடிகாரம்

கல்லூரி நண்பர்கள் சிலர் விடுமுறையில் பிராக் நகரத்தைச் சுற்றிப் பார்க்கப் போனார்கள். செக் நாட்டின் தலைநகரம் அது.

அங்கே பழைய நகர மண்டபத்தின் சுவரில் ஒரு வானியல் கடிகாரம். 1410-இல் அமைத்தது, இன்றும் ஓடுகிறது. மணி ஆனதும் ஓர் எலும்புக்கூடு பொம்மை கயிற்றை இழுத்து மணியடிக்கும். மேலே சன்னல்கள் திறக்கும். ஏசுவின் சீடர்கள் வரிசையாக வந்து போவார்கள். கீழே கூட்டம் அண்ணாந்து நிற்கும்.

வழிகாட்டி கதையை ஆரம்பித்தார்: "இதைச் செய்தவர் ஹனுஷ். வேறு ஊருக்கும் இதே மாதிரி செய்து கொடுத்துவிடக் கூடாதென்று, ஊர்ப் பெரியவர்கள் அவர் கண்ணையே குருடாக்கிவிட்டார்கள்!"

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். ஒருவன் மட்டும் கேட்டான்: "அப்படியானால், கடிகாரம் பழுதானால் யாரைக் கூப்பிடுவார்கள்?"

வழிகாட்டி சிரித்துவிட்டார். "இது கட்டுக்கதைதான். கடிகாரத்தைச் செய்தவர் கடான் ஊர்க்காரரான மிக்குலாஷ். 1410-ஆம் ஆண்டு ஆவணம் ஒன்று அவரைப் பாராட்டியே பேசுகிறது!"

ஊர் சுற்றக் கிளம்பும்போது கேமராவை எடுத்துக்கொள்கிறோம். கூடவே, கேள்வி கேட்கிற பழக்கத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். அதற்குச் சுமைக்கூலி கிடையாது!