நிற்கும் வண்டி



கொல்லத்துக் கடற்காற்றை விட்டுப் புறப்பட்டு, புனலூரின் ரப்பர்த் தோட்டங்களினூடே ஏறி, ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டிச் செங்கோட்டைக்கு இறங்கி, தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி, வாசுதேவநல்லூர், சிவகிரி என்று மேற்குத் தொடர்ச்சி மலையைத் தன் இடக்கைப் பக்கத்திலேயே துணையாக வைத்துக்கொண்டு வடக்கு நோக்கி வரும் நெடுஞ்சாலை, ராஜபாளையத்தையும் ஸ்ரீவில்லிபுத்தூரையும் ஊடுருவிக்கொண்டு திருமங்கலத்தில் போய் முடிகிறது. பழைய கணக்கில் 208 என்றும் புதிய கணக்கில் 744 என்றும் எண் பெற்ற இந்தச் சாலையில், பஞ்சுப் பொதியும் தேங்காயும் ஏற்றிய லாரிகளும், கார்த்திகை பிறந்துவிட்டால் சபரிமலைக்குப் போகும் வேன்களும், ஆடிக் கடைசி வெள்ளியை ஒட்டி இருக்கன்குடி மாரியம்மனைத் தரிசிக்க இரவெல்லாம் நடக்கும் பக்தர்களும், மேய்ச்சலுக்கு இடம் மாறும் ஆட்டு மந்தைகளும் ஒருங்கே நடமாடுகின்றன. இவ்வளவு பேருக்கும் நடுவே காரோட்டிச் செல்லும் நம்மவர், வண்டி ஓடும்போது காட்டுகிற ஜாக்கிரதையில் கால்பங்கைக்கூட அது நிற்கும்போது காட்டுவதில்லை என்பது என் அபிப்பிராயம். ஓடுகிற வண்டியைவிட, நிற்கக்கூடாத இடத்தில், நிற்கக்கூடாத விதத்தில் நின்றுவிட்ட வண்டியே அதிக அபாயகரமானது. காரின் வானொலி, விளக்கு, சக்கரம் ஆகிய மூன்றைப் பற்றி இன்று நான் சொல்ல வந்ததெல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முதலில் வானொலி. இந்த உரையையே சிலர் காரில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருக்கக் கூடும்; அவர்கள் நிலையத்தை மாற்ற வேண்டுமென்று நினைத்தால் எனக்கு வருத்தமில்லை, ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டே மாற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், நாம் குமிழைப் பார்த்துத் திரும்புகிற இரண்டு விநாடிக்குள் முப்பது மீட்டருக்கு மேல் போய்விடுகிறது. அந்த முப்பது மீட்டரும் குருடன் ஓட்டிய தூரமேயாகும். புறப்படுவதற்கு முன்பே வேண்டிய நிலையங்களைப் பொத்தான்களில் பதித்துக்கொள்ளும் வசதி இன்று ஏறக்குறைய எல்லாக் கார்களிலும் உண்டு. பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்திருந்தால் போதும். இதைக்கூட வருஷக்கணக்காகத் தெரிந்துகொள்ளாமல், ஒவ்வொரு பிரயாணத்திலும் நிலையத்தைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்தப் பகுதியில் வானொலி கேட்பதில் ஒரு விசேஷம் உண்டு. 1963ஆம் வருஷம் தொடங்கிய திருநெல்வேலி நிலையத்தின் மத்திய அலை, நிலத்தோடு ஒட்டியே வளைந்து வருவதால், மலையடிவாரத்திலும் ஓரளவு சீராகக் கேட்கும். ஆனால் மின்சாரக் கம்பிகளுக்கு அடியில் கார் நுழைந்தவுடன் இரைச்சல் கிளப்பும். கொடைக்கானலிலிருந்து 100.5 மெகா ஹெர்ட்ஸில் வரும் பண்பலையோ இரைச்சலற்ற தெளிவுடையது. எனினும் அது நேர்கோட்டில் செல்வது. இரண்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து புறப்படுவதனால்தான் அவ்வளவு தூரம் எட்டுகிறது. குறுக்கே ஒரு மலை நின்றால் அதன் மறைவில் கரகரத்துவிடும். மலையடியிலுள்ள செண்பகத்தோப்புப் பக்கமோ அய்யனார் கோவில் பக்கமோ ஒதுங்கும்போது பாட்டு விட்டுவிட்டுக் கேட்டால், பெட்டி பழுதாகிவிட்டதென்று அதைத் தட்டிப் பார்க்க வேண்டாம். தட்டித் திருகிக்கொண்டே சாலையை மறப்பதுதான் அங்கே உண்மையான பழுது.

ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனவர்கள் அறிவார்கள்: ஊருக்கு வெகுதூரத்துக்கு முன்பே வண்டியை நிறுத்திவிட்டு, வயதானவர்களையும் குழந்தைகளையும் காரிலேயே இருத்தி, ‘பாட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள்’ என்று சாவியை முதல் திருப்பில் விட்டுப் போவது வழக்கம். திரும்பி வந்து பார்த்தால் வண்டி புறப்பட மறுக்கும். எல்லாரும் வானொலியைக் குறை சொல்வார்கள். வானொலியில் பேசுகிறேன் என்பதற்காகச் சொல்லவில்லை, கணக்குப் பார்த்துத்தான் சொல்கிறேன்: சாதாரணச் சத்தத்தில் பாடும் பெட்டி ஓர் ஆம்பியரோ அதற்குச் சற்று மேலோ எடுத்துக்கொள்ளும். முன்விளக்குகள் இரண்டும் டிம்மில் எரிந்தால், ஒவ்வொன்றும் 55 வாட் வீதம், பின்விளக்குகளையும் சேர்த்துப் பத்து ஆம்பியருக்கு வந்துவிடுகிறது. சிறிய காரின் பாட்டரி 35 ஆம்பியர்-மணி கொண்டதென்றால், விளக்கை மறந்து எரியவிட்டவனுக்கு மூன்று மணி நேரத்துக்குமுன்பே இயந்திரத்தைச் சுழற்றும் வலு போய்விடும். பாட்டை மறந்தவனுக்கோ இராத்திரி முழுதும் அவகாசமுண்டு. குற்றவாளி பெரும்பாலும் விளக்குத்தான்.

அந்த விளக்கைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் ஓடும் பெரும்பான்மையான கார்களில் ஸ்டியரிங்கின் வலக்கைப் பக்கத்துத் தண்டு விளக்குக்கும், இடக்கைப் பக்கத்தது மழைத்துடைப்பானுக்கும் உரியவை. ஐரோப்பிய வழிவந்த சில கார்களில் இது மாறியிருக்கும். மாறிய காருக்குப் புதிதாகப் போனவர் திரும்பப்போகும் இடத்தில் சிக்னலுக்குப் பதிலாக வெயிலில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போவதைக் காணும்போது சிரிப்பு வரும். பின்னால் வருகிறவருக்கு வருவதில்லை. தண்டின் நுனியை ஒரு முறை திருகினால் பார்க்கிங் விளக்கு, இரண்டாம் முறை ஹெட்லைட். தண்டை அப்பால் தள்ளினால் பிரைட், இழுத்து விட்டால் ஒரு மின்னல். பழைய அம்பாஸிடர் கார்களில் டிம்மும் பிரைட்டும் மாற்றுவதற்கு இடது காலுக்குக் கீழே ஒரு பொத்தான் இருந்தது. அக்காலத்து டிரைவர்கள் எதிரே வண்டி தென்பட்டவுடன் காலால் தட்டுவதை ஒரு மரியாதையாகவே பழகியிருந்தார்கள். பொத்தான் காலிலிருந்து கைக்கு ஏறியது; மரியாதை ஏறினதாகத் தெரியவில்லை.

எதிர்வண்டியின் பிரைட் ஒளி கண்ணில் பட்டுவிட்டால், அது கடந்துபோன பின்னும் சில விநாடிகள் நாம் ஒன்றும் காணமாட்டோம். அந்தச் சில விநாடிகளில், கறுப்பு வேஷ்டி உடுத்த ஐயப்ப பக்தரோ, சைக்கிளில் மில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளியோ நம் முன்னால் இருக்கக்கூடும். ஆகவே எதிரொளியை முறைத்துப் பார்க்காமல், சாலையின் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு, வேகத்தைத் தணித்துச் செல்வதே வழி. அவன் டிம் பண்ணவில்லையே என்று நாமும் பிரைட்டைப் போட்டுப் பழி தீர்ப்பதில், ஒரு குருடனுக்குப் பதிலாக இரண்டு குருடர்கள் உண்டாவதைத் தவிர வேறு பிரயோஜனமில்லை.

டிம்முக்கும் ஓர் எல்லை உண்டு. மணிக்கு எண்பது கிலோமீட்டரில் போகும் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. அபாயம் கண்ணில் பட்டு, அது மனத்தில் பதிந்து, கால் பிரேக்கில் அழுந்தி, சக்கரம் அடியோடு நிற்பதற்குள், நல்ல காய்ந்த சாலையிலேயே ஏறக்குறைய ஐம்பத்தைந்து, அறுபது மீட்டர் போய்விடும். டிம் வெளிச்சமோ நாற்பது, ஐம்பது மீட்டருக்கு அப்பால் சாலையைச் சரியாகக் காட்டாது. பகலில் வெகுதூரத்திலிருந்தே ஸ்ரீவில்லிபுத்தூரின் 192 அடி வடபத்ரசாயி கோவில் கோபுரத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே கண், இரவில் பின்விளக்கில்லாமல் நிற்கும் கரும்பு லாரியை அதன் மேல் மோதுகிற தூரத்தில்தான் காண்கிறது. எனவே இரவில் எவ்வளவு வேகம் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது இயந்திரத்தின் சக்தியன்று, விளக்கின் எட்டம்.

விளக்கால் பேசுகிற பாஷை ஒன்றும் நம் சாலைகளில் உண்டு. அதற்கு இலக்கணம் எழுதியவர் யாருமில்லை. முன்னே போகும் லாரியின் வலப்பக்க இண்டிகேட்டர் கண் சிமிட்டினால், ‘முந்திக்கொள், எதிரே ஒன்றும் வரவில்லை’ என்று ஒரு டிரைவர் சொல்கிறார். ‘நான் வலப்பக்கம் திரும்பப் போகிறேன்’ என்று இன்னொரு டிரைவர் அதே விளக்கால் சொல்கிறார். இரண்டாமவரை முதலாமவர் என்று எண்ணி முந்தப் போனவர்களின் கதி என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. ஹெட்லைட்டை மின்னவைத்தால், சீமையில் ‘நீங்கள் வரலாம்’ என்று வழிவிடும் குறிப்பு. இங்கே ‘நான் வருகிறேன், நீ நில்’ என்ற கட்டளை. நான்கு இண்டிகேட்டர்களையும் ஒருங்கே எரியவிடும் முக்கோணப் பொத்தானையோ, நாற்சந்தியில் ‘நேரே போகிறேன்’ என்பதற்கு அடையாளமாகவும், மழை வந்தால் துணைக்காகவும் உபயோகிக்கிறார்கள். நான்கும் எரிந்துகொண்டே போகும் வண்டி எந்தப் பக்கம் திரும்பப் போகிறதென்று யாரும் அறிய முடியாது. அந்தப் பொத்தான் நின்ற வண்டிக்கென்றே ஏற்பட்டது.

இனிச் சக்கரம். பஞ்சர் ஆகிவிட்டதென்று தெரிந்த கணத்தில் பலர் செய்வது, பிரேக்கை அழுத்தி, நின்ற இடத்திலேயே இறங்கி, இடுப்பில் கை வைத்துக்கொண்டு டயரைப் பார்ப்பது. ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்து, காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து எடுத்து, வண்டி தானாகத் தளர்ந்த பின், நூறு இருநூறு மீட்டரானாலும் மெல்ல உருட்டிக்கொண்டுபோய், வளைவும் பாலமும் இல்லாத அகன்ற ஓரத்திலோ பெட்ரோல் பங்கிலோ நிறுத்த வேண்டும். அதற்குள் டயர் கிழிந்துபோனால் போகட்டும். டயர் கடையில் கிடைக்கும்.

நிறுத்தியபின் முதற்காரியம் ஜாக்கியன்று, விளக்கு. முக்கோணப் பொத்தானை அமுக்கிவிட்டு, காரில் இருப்போரையெல்லாம் வண்டிகள் போகாத பக்கமாக இறக்கி, தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். காருடன் கொடுக்கப்படும் சிவப்பு முக்கோணத்தைப் பெரும்பாலோர் உறை பிரிக்காமலே வைத்திருக்கிறார்கள். பிரித்தவர்களும் பம்பருக்கு ஐந்தடி பின்னால் வைக்கிறார்கள். அது அலங்காரத்துக்குத்தான் உதவும். முன்பு சொன்ன அறுபது மீட்டர்க் கணக்கை நினைத்துக்கொண்டு, நூறு தப்படியாவது பின்னால் நடந்து, அருகில் வளைவிருந்தால் வளைவுக்கும் அப்பால் வைக்க வேண்டும். முக்கோணம் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் லாரிக்காரர்கள் சாலையோர மரத்தில் தழை ஒடித்து வண்டிக்குப் பின்னால் வரிசையாகப் போடுவார்கள். இரவில் அவ்வளவாகக் கண்ணில் படாதென்றாலும், அந்த யோசனை இருக்கிறதே, அது உறை பிரிக்காத முக்கோணத்தைவிட மேலானது.

ஜாக்கியை வைக்கும் இடத்தில் இவ்வூர்களின் மண்ணையும் அறிந்திருக்க வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிழக்கே போகப் போகக் கரிசல். ஐப்பசி மழையில் நனைந்த கரிசல் ஓரத்தில் ஜாக்கியை வைத்து உயர்த்தினால், கார் மேலே எழும்பாது, ஜாக்கிதான் கீழே இறங்கும். பாதி எழும்பியபின் சாய்ந்தும் விடும். ஒரு முழ நீளத்துக் கனமான பலகைத் துண்டை டிக்கியில் போட்டு வைத்திருப்பவன் புத்திசாலி. ஹாண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் விட்டு, பழுதான சக்கரத்துக்கு மூலைக்கு மூலையாக உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுத்த பின்பே, நட்டுகளைத் தொட வேண்டும். சக்கரம் தரையில் ஊன்றியிருக்கும்போதே ஒவ்வொரு நட்டையும் இடப்புறமாக அரைச்சுற்றுத் தளர்த்திக்கொள்வது முக்கியம். உயர்த்தியபின் தளர்த்த முயன்றால் சக்கரம் சுழலும், இழுக்கிற வேகத்தில் கார் ஜாக்கியிலிருந்து நழுவும். கதவுக்குக் கீழே, விளிம்பில், ஜாக்கிக்கென்று வெட்டுக் குறி இருக்கும். அங்கேதான் தாங்க வேண்டும். ஸ்டெப்னியைக் காரின் விளிம்புக்கடியில் படுக்க வைத்துவிட்டால், எது நழுவினாலும் வண்டி அதன் மேல் இறங்குமே தவிர மனிதன் மேல் இறங்காது. கையையோ தலையையோ காருக்கடியில் நுழைப்பதற்கு எந்த முகாந்திரமும் இல்லை.

புதுச் சக்கரத்தை மாட்டுகையில் நட்டின் சரிந்த முகம் உட்புறம் நோக்க வேண்டும். முதலில் கையாலும், வண்டியைத் தரையிறக்கியபின் ஸ்பானராலும், அடுத்தடுத்த நட்டாக அன்றி எதிரெதிர் நட்டாக முடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் ஒருபக்கம் கோணிக்கொள்ளும். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்ற கேள்வியை நடுச்சாலையில் கேட்பது வீண். மாதம் ஒரு முறை, மற்ற நான்குக்கும் காற்றுப் பிடிக்கும்போதே ஐந்தாவதையும் கேட்டிருக்க வேண்டும். டயர்ப் பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது சட்டப்படியே காருக்கு ஆகாதது என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். சில புதிய கார்களில் ஸ்டெப்னி மெலிந்ததாக, மணிக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாதென்று அதன்மேலேயே எழுதப்பட்டதாக இருக்கும். அத்தகையதோடு ஆரியங்காவுக் கணவாய் ஏற நினைக்காமல், முதலில் காணும் பஞ்சர்க் கடையில் பழையதைச் சரிசெய்துகொள்வது உத்தமம்.

எல்லாம் முடிந்து கைகழுவிப் புறப்படுகிற மகிழ்ச்சியில், முட்டுக் கொடுத்த கற்களை அப்படியே சாலையில் விட்டுப் போகிறவர்கள் மேல் எனக்குள்ள கோபத்தை இந்த நிலையத்தார் அனுமதிக்கும் வார்த்தைகளில் சொல்ல முடியாது. நம் சக்கரம் நகராமல் காத்த கல், அரைமணி நேரத்தில் பின்னால் வரும் மோட்டார் சைக்கிள்காரனைக் கவிழ்க்கிறது. கல்லையும் தழையையும் வாய்க்கால் ஓரத்தில் எறிந்து, முக்கோணத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். ராஜபாளையத்தில் சக்கரம் மாற்றிய வண்டி கடையநல்லூரை நெருங்கும்போது சுமார் ஐம்பது கிலோமீட்டர் ஓடியிருக்கும். அங்கே தேநீருக்கு இறங்குகையில் ஸ்பானரை மறுபடி எடுத்து, ஒவ்வொரு நட்டையும் இன்னொரு முறை முடுக்கிப் பாருங்கள். ஒன்றிரண்டு கட்டாயம் கால்சுற்று இறங்கும்.