பார்த்ததற்கும் திறந்ததற்கும் இடையில்

 

இடம் மாற்றிப் பொருத்திய திசுவில், அதாவது ஃபிளாப்பில், ரத்த ஓட்டத்தைக் கண்காணிப்பது எப்படி என்பதே இந்தக் கருத்தரங்கில் நம் பொருள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். பெரும்பாலான அமர்வுகள் கருவிகளைப் பற்றியவை. அவை தொடங்கும் முன் ஒரு கருத்தை உங்கள் முன் வைக்கிறேன். ஃபிளாப்பில் மாற்றத்தைப் பார்த்த நொடிக்கும், நோயாளியைத் தியேட்டரில் மறுபடி திறந்த நொடிக்கும் இடையில் கழியும் நேரம்தான் அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கருவியோ, ஆளோ, வார்டு ஏற்பாடோ, எதுவானாலும் அந்த நேரத்தைக் குறைக்கிறதா என்ற ஒரே அளவுகோலால்தான் எடைபோட வேண்டும்.

நம் துறை இளையது. 1965இல் ஜப்பானின் நாராவில் கொமாட்சுவும் தமாயும் முழுவதுமாகத் துண்டான கட்டைவிரலை ரத்தக் குழாய்களோடு இணைத்துப் பிழைக்க வைத்தார்கள். டேனியலும் டெய்லரும் மெல்பர்னில் தொடையிடுக்குத் தோலைக் காலுக்கு மாற்றிய செய்தி 1973இல் வெளிவந்தது. கண்காணிப்பைப் பற்றிய கவலையும் கூடவே பிறந்துவிட்டது. 1975லேயே கிரீச், மில்லர் இருவரும் நல்ல கண்காணிப்பு முறை எப்படி இருக்க வேண்டும் என்று எழுதினார்கள்: நோயாளிக்கும் ஃபிளாப்புக்கும் கெடுதல் செய்யக் கூடாது, உடனே காட்ட வேண்டும், நம்பும்படி இருக்க வேண்டும், எல்லா வகை ஃபிளாப்புக்கும் பொருந்த வேண்டும். அத்தனையையும் நிறைவு செய்யும் கருவி இன்னும் வரவில்லை.

இன்று தேர்ந்த மையங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட ஃபிளாப்புகள் பிழைக்கின்றன. ஒன்று முதல் மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள குழாய்களைத் தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் தைத்து இந்த நிலையை எட்டியிருக்கிறோம். மிஞ்சிய சிலவற்றில் ரத்தம் உறைவது பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள். 1978இல் ஜேம்ஸ் மே குழுவினர் முயல்களில் காட்டிய உண்மையை மாணவர்கள் மறக்கக் கூடாது. ரத்தமின்றிப் பன்னிரண்டு மணி நேரம் போய்விட்டால், பெரிய குழாயை மறுபடி திறந்துவிட்டாலும் ரத்தம் உள்ளே பரவுவதில்லை. நுண்குழாய்கள் வீங்கி அடைத்துவிடுகின்றன. தசையும் குடலும் தோலைவிட விரைவில் கெடும்.

நம் ஊரில் ஃபிளாப் அதிகம் தேவைப்படும் இடம் வாய்ப் புற்றுநோய். புகையிலையும் பாக்கும் மென்று கன்னம் அரித்துப்போன நோயாளிக்குக் கட்டியை அகற்றி, தொடைத் தோலையோ முன்கைத் தோலையோ எடுத்து வைக்கிறோம். தாடை எலும்பும் போயிருந்தால் காலின் ஃபிபுலா எலும்பு வருகிறது. இப்போது அவர் ஐ.சி.யு.வில் படுத்திருக்கிறார். இரவு இரண்டு மணி. பணியில் இருக்கும் சிஸ்டர் டார்ச்சை அடித்துப் பார்க்கிறார். விரலால் அழுத்தி எடுக்கிறார். தோல் வெளுத்து, சட்டென்று, ஒரு நொடி ஆவதற்குள் நிறம் திரும்பிவிடுகிறது. ரத்த ஓட்டத்தை ஓசையாக்கும் டாப்ளரை வைக்கிறார், தமனியின் ஓசை கேட்கிறது. புதிதாக வந்தவர் என்றால் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார்.

இந்த சிஸ்டர் போகவில்லை. ஃபிளாப் ஒரு மணி நேரத்துக்கு முன் இருந்ததைவிடத் தடித்து, விறைப்பாக இருக்கிறது. டியூட்டி டாக்டர் வந்து மெல்லிய ஊசியால் குத்தினால் கருநிற ரத்தம் குபுகுபுவென்று வருகிறது. சிரை அடைத்துக்கொண்டது. வயலுக்கு வாய்க்கால் ஓடிக்கொண்டிருக்கும்போதே வடிகால் அடைபட்டால் பயிர் அழுகுவதுபோலத்தான். தமனி அடைத்திருந்தால் ஃபிளாப் வெளுத்துச் சில்லிட்டுக் கிடக்கும், குத்தினாலும் ரத்தம் வராது. அதை எவரும் கண்டுகொள்வார்கள். சிரை அடைப்புதான் அதிகம் நேர்வது; ஏமாற்றுவதும் அதுதான். விரைவில் நிறம் திரும்புவது நல்ல அறிகுறி என்ற நினைப்பும், ஓசை கேட்டால் போதும் என்ற நினைப்பும் இங்கே ஃபிளாப்பைக் கொன்றுவிடும்.

தியேட்டருக்குச் சொல்லி அனுப்பும்போதே படுக்கையருகில் செய்ய வேண்டியவை உண்டு. ட்ரக்கியாஸ்டமி குழாயின் நாடா கழுத்தைச் சுற்றி இறுகிக் குழாய்களை நசுக்குகிறதா? தலை ஒரு பக்கம் திரும்பிவிட்டதா? கட்டு இறுக்கமா? வடிகுழாய் அடைத்து உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதா? இரண்டு தையலைப் பிரித்துவிட்டாலே நிறம் மாறுவதைப் பார்த்திருக்கிறோம். அப்படி மாறாவிட்டால் காத்திருக்க ஒரு காரணமும் இல்லை.

கருவிகளுக்கு வருவோம். கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே புதைந்த ஃபிளாப்புக்கு அவை தவிர்க்க முடியாதவை. 1988இல் ஸ்வார்ட்ஸ் அறிமுகப்படுத்திய பொருத்து டாப்ளரைப் பட்டையால் சிரையின் மேல் சுற்றி வைத்தால், தமனி அடைத்தாலும் சிரை அடைத்தாலும் ஓசை மாறிவிடும். ஆனால் பட்டை நழுவினாலும் ஓசை நின்றுவிடும். நல்ல ஃபிளாப்பை வீணாகத் திறக்க நேரும். அகச்சிவப்பு ஒளியால் திசுவின் ஆக்சிஜனை அளக்கும் கருவிகள் தொடர்ந்து எண் காட்டுகின்றன. விலைதான் பெரும்பாலான அரசு மருத்துவமனைகளுக்கு எட்டாதது. பழைய வழிகளும் குறைந்தவை அல்ல. தொண்டைக்குச் சிறுகுடலை வைக்கும்போது ஒரு சிறு துண்டைக் கழுத்துக்கு வெளியே விட்டு, அது சிவந்து நெளிகிறதா என்று பார்க்கிறோம். சில நாள் கழித்து அதைக் கட்டி வெட்டிவிடலாம். ஒரு ரூபாய் மின்சாரமும் தேவையில்லை.

இன்னொன்றையும் இந்த அவை விவாதிக்க வேண்டும். பாடநூல்களில் உள்ள நிற அட்டவணைகளும் படங்களும் பெரும்பாலும் வெளிர் தோலுக்கு எழுதப்பட்டவை. 'இளஞ்சிவப்பு' என்று அவை சொல்வது நம் நோயாளியின் தொடைத் தோலில் எப்படித் தெரியும்? 2020இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, பல்ஸ் ஆக்சிமீட்டர் கருந்தோல் நோயாளிகளின் ஆக்சிஜன் குறைவை வெள்ளையரைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிட்டதைக் காட்டியது. ஒளியை நம்பும் எந்தக் கருவியை வாங்கும் முன்பும் நம்மைப் போன்றவர்களின் தோலில் சோதித்தீர்களா என்று விற்பவரைக் கேளுங்கள். நமக்குள்ளும் ஓர் ஒழுங்கு வேண்டும். தியேட்டரை விட்டு வெளியே வரும்போதே ஒரு படம்; பிறகு அதே விளக்கில், அதே தொலைவில் படங்கள்; ஃபிளாப் எடுத்த இடத்தைச் சுற்றியுள்ள தோலோடு ஒப்பீடு. அப்போது நிறத்தைவிட, நிறம் மாறும் திசை தெரியும்.

எத்தனை நல்ல கருவி இருந்தாலும் அது சொல்வதைக் கேட்டு யாராவது போனை எடுக்க வேண்டும். நம் வார்டுகளில் தகவல் ஏணிப்படி ஏறுகிறது: சிஸ்டர் ஹவுஸ் சர்ஜனிடம், அவர் பட்ட மேற்படிப்பு மாணவரான பி.ஜி.யிடம், பி.ஜி. உதவிப் பேராசிரியரிடம், அவர் பேராசிரியரிடம். ஒவ்வொரு படியிலும் 'இன்னும் ஒரு மணி நேரம் பார்ப்போம்' என்று ஒருவர் சொல்கிறார். நள்ளிரவில் எழுப்பினால் திட்டு விழுமோ என்ற பயமும் சேர்கிறது. ஃபிளாப்புக்கு உரிய நேரம் அந்தப் படிகளிலேயே தீர்ந்துபோகிறது. வீண் அழைப்பு என்று எரிந்து விழுந்த மருத்துவரை அடுத்த முறை யாரும் அழைக்கமாட்டார்கள்.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, மறுபடி திறந்த ஒவ்வொரு நோயாளியின் குறிப்பிலும் மூன்று நேரங்களை எழுதுங்கள்: மாற்றம் கண்டது, தகவல் சொன்னது, கத்தி வைத்தது. ஆண்டு முடிவில் அவற்றுக்கு இடைப்பட்ட நேரத்தைக் கூட்டிப் பாருங்கள். இரண்டாவது, சந்தேகம் வந்தால் அறுவை செய்தவரை நேரே அழைக்கும் உரிமையைச் செவிலியருக்கு எழுத்தில் கொடுங்கள். மூன்றாவது, நம் தோல்களின் படத்தொகுப்பு ஒன்றை இங்கு வந்திருக்கும் மையங்கள் சேர்ந்து உருவாக்கட்டும். எந்த வார்டிலும் சுவரில் மாட்டும்படி அது இருக்கட்டும்.

கருவி பற்றிய கட்டுரைகளை வாசிக்க இருப்பவர்களுக்கு ஒரு சொல். உங்கள் கருவி எத்தனை விழுக்காடு சரியாகக் கண்டது என்பதோடு, அது எச்சரித்த பிறகு நோயாளி எத்தனை நிமிடத்தில் தியேட்டர் மேசையில் இருந்தார் என்பதையும் சொல்லுங்கள். கேட்பவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்க வேண்டாம். முதல் அமர்வைச் செவிலியர்களே நடத்தும்படி அமைத்த ஏற்பாட்டாளர்களைப் பாராட்டி, இக்கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.