நல்ல ஆளு, நம்ம ஆளு

(கோவையில் மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் கூடிய ஓர் அரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)



'வேலைக்குச் சரியான ஆளை எடுப்பது, வலுவான குழுவைக் கட்டுவது' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். இது முதலாளி வீட்டுத் தலைப்பு. பரவாயில்லை, திண்ணையில் உட்காராமல் நம்ம வளவுல இருந்து இதைப் பேசிப் பார்ப்போம்.

முதலில் ஒரு சொந்தக் கதை. நான் வங்கியில் எழுத்தர். பரீட்சை எழுதி, இடஒதுக்கீட்டில் உள்ளே போனவன். அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. சில வருசங்களுக்கு முன் நான் வேலை பார்த்த கிளையில் தற்காலிகமாக ஒரு கடைநிலை ஊழியர் தேவைப்பட்டது. வவுச்சர் கட்ட, ஃபைல் எடுத்துக் கொடுக்க, தபால் கொண்டு போக. மேலாளர் என்னைக் கூப்பிட்டு, "நல்ல ஆளா ஒருத்தரச் சொல்லுங்க, நம்பிக்கையான பையனா இருக்கோணும்" என்றார். எங்கள் தெருவில் பி.காம். முடித்த தம்பி ஒருவன் சும்மா இருந்தான். கூட்டிக்கொண்டு போனேன்.

மேலாளர் மார்க் பட்டியலைத் தொடவே இல்லை.

"எந்த ஊருங்க தம்பி?"

சொன்னான்.

"ஊருக்குள்ளயா, அக்கட்டாலயா?"

அதையும் சொன்னான்.

"அப்பா என்ன சோலி பண்றாரு?"

"துப்புரவு வேலைங்க சார்."

அவ்வளவுதான், நேர்முகத் தேர்வு முடிந்தது. அடுத்த வாரம் வவுச்சர் கட்ட வந்தது நகை மதிப்பீட்டாளரின் சொந்தக்காரப் பையன். பத்தாவது பெயில். எங்க தம்பிக்கு என் வழியாகவே சேதி வந்தது: "கக்கூஸ் கழுவ ஆளில்ல, அந்தப் பையன வரச் சொல்லுங்களேன்."

நான் என்ன செய்தேன்? "சொல்லிப் பாக்கறேன் சார்" என்றேன். கவிதையில் நெருப்புக் கக்குகிறவன் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. அந்தத் தம்பி இன்னமும் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுகிறான். அதுதான் சுடுகிறது.

அந்த மூன்று கேள்விகளை நான் பலகாலம் யோசித்தேன். மேலாளர் கெட்ட மனுசனா? இல்லை. எல்லோரிடமும் மரியாதையாகப் பேசுகிறவர். அவருக்கு 'நல்ல ஆளு' என்றால் 'நம்ம ஆளு'. இரண்டுக்கும் நடுவில் வித்தியாசம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. சாதி வெறியோடு வந்தால் சண்டை போடலாம். நல்லெண்ணத்தோடு வருகிறதே, அதை என்ன செய்வது?

படித்தவர்கள் நடத்துகிற பெரிய கம்பெனிகளில் இது இருக்காது என்பார்கள். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களில் ஆளெடுக்கிற அதிகாரிகளைச் சந்தித்து எழுதிய கட்டுரை 2007இல் வெளிவந்தது. எல்லோரும் தகுதி, திறமை என்றுதான் பேசியிருக்கிறார்கள். ஆனால் 'குடும்பப் பின்னணி' கேட்பது அவசியம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். நம்ம ஊரில் "அப்பா என்ன சோலி?" என்பதற்கு அங்கே கோட்டு சூட்டு. அதே வருசம் சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். பத்திரிகையில் வந்த வேலை விளம்பரங்களுக்கு ஒரே படிப்பு, ஒரே தகுதி உள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. முகத்தைப் பார்க்கவில்லை, பேச்சைக் கேட்கவில்லை. பெயர் போதுமாக இருந்தது.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமைப்படுகிறோம். அதனால்தான் இங்கே முகவரியைக் கேட்கிறார்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்லது. காகிதத்திலிருந்து சொல் போகும். "அக்கட்டாலயா?" என்ற கேள்வி எங்கே போகும்?

குழு என்பதற்கு வருகிறேன். 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த ஒடுக்கப்பட்ட ரயில்வே தொழிலாளர் மாநாட்டில் அம்பேத்கர் பேசினார். நம்மவர்கள் தண்டவாளத்தில் கேங்மேனாகவே காலம் தள்ளினார்கள். போர்ட்டராகக்கூட ஆக முடியவில்லை, ஏனென்றால் போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டுக்குள்ளும் போய் வேலை செய்ய வேண்டியிருந்தது. பம்பாய் மில்களில் கூலி கூடுதலான நெசவுப் பிரிவுக்குள் நம்மவர்கள் நுழைய முடியவில்லை. நூல் அறுந்தால் வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும், எச்சில் தீட்டு. தடுத்தது முதலாளி மட்டுமா? பக்கத்தில் நின்ற தொழிலாளியும்தான். தொழிலாளர் ஒற்றுமை பேசிய தலைவர்கள் இதைப் பேசவில்லை என்பதுதான் அம்பேத்கரின் கோபம். அந்தக் கோபம் இன்றைக்கும் செல்லுபடியாகும்.

நம்ம மண்ணுக்கு வாங்க. திருப்பூர் பனியன் தொழில் எப்படி வளர்ந்தது என்று ஷரத் சாரி எழுதிய புத்தகம் 2004இல் வந்தது. காட்டிலும் கம்பெனியிலும் பாடுபட்ட கவுண்டர்கள் முதலாளிகளான கதை. 'உழைப்பால் உயர்ந்தோம்' என்கிறார்கள். உழைத்தது உண்மை. ஆனால் அதே காட்டில் ஏர் பிடித்த, கவலை ஓட்டிய மாதாரியும் உழைத்தானே, அவன் உழைப்பு ஏன் மூலதனம் ஆகவில்லை? கடன் கொடுக்க மாமன் இல்லை, ஆர்டர் பிரித்துக் கொடுக்க மச்சான் இல்லை, பட்டறை வைக்க நிலம் இல்லை. அவர்கள் குழு என்று சொல்வது பங்காளிக் கூட்டத்தை.

இன்னொன்றையும் பாருங்கள். 2019 நவம்பரில் கோவை மாநகராட்சியில் 549 நிரந்தரத் துப்புரவுப் பணியிடங்களுக்கு ஏறக்குறைய 7,000 பேர் விண்ணப்பித்தார்கள். அதில் பொறியியல் படித்தவர்களும் பட்டதாரிகளும் உண்டு. தொடக்கச் சம்பளம் 15,700 ரூபாய். தினக்கூலிக்குக் குப்பை அள்ளியபோது இந்த வரிசை நின்றதா? வேலைக்குப் பாதுகாப்பு வந்ததும் தீட்டு விலகி நிற்கிறது. பஞ்சம் வேறு, சாதி ஒழிப்பு வேறு.

இடஒதுக்கீடு இந்த 'நம்ம ஆளு' கணக்கை உடைக்கிற சுத்தியல். அருந்ததியருக்கு 2009இல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. 2024 ஆகஸ்ட் 1 அன்று உச்ச நீதிமன்றம் உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. தெருவில் நின்று வாங்கியது அது. ஆனால் வேலை காண்ட்ராக்டுக்குப் போனால், மறுபடியும் "ஒரு நல்ல ஆளாச் சொல்லுங்க" என்ற இடத்துக்கே வந்து நிற்கிறோம்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை எளிமையானவை. வேலை காலி என்றால் வாயால் சொல்லாதே, எழுதி ஒட்டு. என்ன வேலை, என்ன தகுதி என்பதை ஆளைப் பார்க்கும் முன்பே எழுதி வை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேள். ஊரும் அப்பன் தொழிலும் வேலைக்குத் தேவையில்லை, கேட்காதே. விண்ணப்பத்தை முதலில் பிரிக்கிறவர் பெயரும் முகவரியும் பார்க்க வேண்டாம். மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வு கிடையாது. அரசு இயந்திரம் நின்றா போய்விட்டது?

எடுத்த பிறகு குழு ஆகிறதா என்பதற்கு எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. சாயங்காலம் கேஷ் டேலி ஆகவில்லை. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து கட்டுகளைத் திரும்ப எண்ணுகிறார்களா? அல்லது எல்லாக் கண்ணும் ஓர் ஆள் பக்கம் திரும்புகிறதா? அந்த ஆள் எப்பவும் ஒரே தெருக்காரனாக இருந்தால், அங்கே குழு இல்லை. தப்பைப் பயமில்லாமல் ஒத்துக்கொள்ள முடிகிற இடத்தில்தான் கணக்கு நேராகும். இது தர்மம் என்று சொல்லவில்லை, தொழில் என்று சொல்கிறேன்.

கடைசியாக நம்மைப் பற்றி. மாநாடு முடிந்ததும் நாற்காலி மடிக்கிறவர் யார், அறிக்கை எழுதுகிறவர் யார்? மேடைக்குப் பெயர் சொல்லும்போது நாமும் 'நம்ம ஆளு' என்றுதானே தேடுகிறோம், நம்ம உட்சாதி, நம்ம ஊர்? பெண் தோழர்களை வரவேற்புரைக்கும் டீ டம்ளருக்கும் தானே எடுக்கிறோம்? மேலாளரின் மூன்று கேள்விகள் நம் வாயிலும் இருக்கின்றன. அடுத்த கூட்டத்தில் பேசியவர் கூட்டட்டும், கூட்டியவர் பேசட்டும்.

அந்தத் தம்பியிடம் போன மாதம்தான் நடந்ததை முழுசாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கே நீங்க ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேண்ணா" என்றான்.

கேட்டிருக்கலாம். நீங்கள் கேளுங்கள்.