மறுப்புக்கு மறுமொழி

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டுகளாகத் தொழில் தொடங்கியுள்ள நம் இளைஞர்களுக்குச் சில வார்த்தைகள் கூறுமாறு சங்கத்தார் பணித்துள்ளனர். நாடிச் சென்றவர் "வேண்டாம்" என்றால் என்ன மறுமொழி கூறுவது? மறுப்பை வெல்ல முயலவேண்டாம். அதனுள் இருக்கும் கேள்விக்கு உண்மையான விடை கூறுங்கள் என்பதே என் கருத்து.

ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் முதலில் கேட்கும் சொல், "என் கடையே எனக்கு இன்ஷூரன்ஸ்" என்பது. நியாயமான சொல்தான். ஆனால் வணிகர் கண்மூடினால், வரவேண்டிய பாக்கி மெல்ல வரும்; கொடுக்கவேண்டிய கடன் விரைந்து வரும். 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு இதற்கு வழி காட்டுகிறது. மனைவி மக்களின் நன்மைக்கென்று பாலிஸியிலேயே குறிப்பிட்டு எடுத்தால், அத்தொகை அவர்களுக்குரிய டிரஸ்டாக நிற்கும். கடன்காரர் கைக்குப் போகாது. கடன்காரரை ஏமாற்றவே எடுத்ததென்று மெய்ப்பிக்கப்பட்டால், பாலிஸித் தொகையிலிருந்தே தம் கடனைப் பெற அவர்களுக்கு உரிமை உண்டு. அத்தகைய பாலிஸியை வணிகர் பின்னர்த் தம் கடனுக்கு ஈடு வைக்கவும் இயலாது. இவற்றையும் ஒளியாது சொல்லுங்கள்.

"கடைசியில் பணம் வருமா?" என்பது அடுத்த ஐயம். 1956 செப்டம்பர் முதல் நாள் 245 நிறுவனங்களின் தொழிலை ஏற்றுத் தோன்றிய ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷனின் பாலிஸிகளுக்கு, அதன் சட்டத்தின் 37-ஆம் பிரிவு மத்திய அரசின் உத்தரவாதத்தை அளிக்கிறது. தனியார் கம்பெனிகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. 1938-ஆம் ஆண்டு இன்ஷூரன்ஸ் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, 2015-இல் திருத்தப்பட்டபடி, மூன்று ஆண்டுகள் கடந்த பாலிஸியை எக்காரணம் பற்றியும் கேள்விக்குள்ளாக்கலாகாது என்கிறது. அதற்குள் கேள்வி எழலாம். ஆதலால் சர்க்கரை நோயை மறைத்து எழுத இடங்கொடாதீர்கள். "யாருக்குத் தெரியப்போகிறது?" என்னும் ஏஜெண்டு கமிஷனைப் பெற்றுப் போய்விடுவார், பணம் மறுக்கப்படும் நாளில் கலங்கி நிற்பவள் அவ்வீட்டுத் தாய்.

"உமது கமிஷனில் பாதி தந்தால் எடுக்கிறேன்" என்பாரும் உளர். 41-ஆம் பிரிவின்படி கொடுப்பவரும் வாங்குபவரும் குற்றவாளிகள் என்று பணிவோடு கூறிவிடுங்கள்.

"கையில் பணமில்லை" என்பவரிடம், வியாபாரம் மந்தமான மாதத்தில் எவ்வளவு கட்ட இயலும் என்று கேளுங்கள். அதற்குமேல் எழுதாதீர்கள். இடையில் நின்றுபோகும் பாலிஸியால் குடும்பத்துக்குப் பயனில்லை. வட்டிக்கடனில் தவிப்பவரிடம், தம்மை நம்பி ஒருவருமில்லை என்றால், "முதலில் கடனை அடையுங்கள்" என்பதே சரியான மறுமொழி. அன்று வியாபாரம் நடவாது, நம்பிக்கை நிலைக்கும்.

"யோசித்துச் சொல்கிறேன்" என்றால் யோசிக்க விடுங்கள். பாலிஸி கைக்கு வந்தபின்னும் படித்துப் பார்த்து முப்பது நாட்களுக்குள் திருப்பித்தர 2024-ஆம் ஆண்டு விதிகள் உரிமை தந்துள்ளன. அரசு பொறுமை காட்டுமிடத்தில் ஏஜெண்டு அவசரப்படுத்தலாமா?

அன்பர்களே! நாம் சிறு கூட்டத்தார். இன்று பாலிஸி எடுத்தவரை நாளைக் கோயில் வாசலிலும் கல்யாணப் பந்தியிலும் காண்போம். அவர் இல்லாத காலத்தில் அவர் பிள்ளைகளையும் காண்போம். அவர்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கத்தக்க மறுமொழியே நல்ல மறுமொழி.