எறும்பின் வழி

சென்ற ஆண்டு எங்கள் சமையலறை ஓரத்தில், கடையில் வாங்கிய எறும்புப் பொடியைத் தூவிவைத்தேன். தவழ்ந்து வந்த பேத்தியின் விரல்களில் அப்பொடி ஒட்டியிருந்தது. விரல் வாய்க்குப் போகுமுன் கையைப் பற்றிக் கழுவிவிட்டேன். முப்பது ஆண்டுகள் பிறருக்குப் பாடம் சொன்ன எனக்கு அன்றுதான் புத்தி வந்தது.

பொடியைத் துடைத்தெறிந்துவிட்டு, எறும்புச் சாரையைக் கூர்ந்து நோக்கினேன். இரை கண்ட எறும்பு, புற்றுக்குத் திரும்புகையில் ஒருவகை மணப்பொருளைத் தரையில் இட்டுச் செல்கிறது. ஏனையவை அம்மணத்தைப் பற்றியே வருகின்றன. ஆகவே எறும்பை நசுக்கிப் பயனில்லை. வழியை அழித்தல் வேண்டும். சோப்பு நீரில் நனைத்த துணியால் வழி முழுவதையும் துடைத்தேன். எறும்புகள் திகைத்து அங்குமிங்கும் அலைந்தன. அவை புறப்பட்ட சுவர் வெடிப்பைச் சிமெண்டால் அடைத்தேன்.

சர்க்கரை டப்பாவை நீர்த்தட்டின் நடுவே வைப்பது என் அன்னையார் வழக்கம். நீரில் தூசி படிந்தால் எறும்பு அதன்மேல் நடந்தே கடந்துவிடும். சில துளி சோப்பு நீர் சேர்த்தால் மூழ்கும். வாரம் இருமுறை நீரை மாற்றுங்கள். இல்லையேல் எறும்பை விரட்டிக் கொசுவை அழைத்த கதையாகும்!

பொடி தூவிய இடத்தில் இப்பொழுது வீட்டில் அரைத்த மஞ்சள்தூளைக் கோடாக இட்டிருக்கிறேன். சில எறும்புகள் அதனையும் தாண்டிவிடுகின்றன. பேத்தியின் விரல்கள் மட்டும் நாள்தோறும் மஞ்சளாகின்றன.