வெற்றிக்கு எது அளவுகோல்?
(பாரிட் புந்தார் ஆலயத் திருவிழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

திருவிழா நாளில் அர்ச்சனைச் சீட்டு வாங்குவோர் பெயரையும் நட்சத்திரத்தையும் கூறுகின்றனர். பிள்ளை எஸ்.பி.எம். தேர்வில் வெற்றி பெற வேண்டும், தொடங்கிய தொழில் வெற்றி பெற வேண்டும் என்று வேண்டுகின்றனர். எது வெற்றி, யாருடைய கணக்கில் வெற்றி என்று அர்ச்சகர் கேட்பதில்லை. நீண்டு நிற்கும் வரிசையில் கேட்க அவருக்கு நேரமும் இல்லை. வேண்டுபவரே அதனை முன்கூட்டி முடிவு செய்திருக்க வேண்டும். பெரும்பாலோர் செய்வதில்லை. அண்டை வீட்டார் வாங்கிய வாகனமும், திருமண அழைப்பிதழில் மணமகன் பெயரை அடுத்து நீளும் பட்டங்களும் அவர்களுக்காக அம்முடிவைச் செய்துவிடுகின்றன.

கிரியான் வட்டாரத் தமிழருக்கு ஒரு காலத்தில் இக்கேள்வி எழவே வழியில்லை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்க்கும், பின்னர்ப் பால்மரம் வெட்டியவர்க்கும், விடியற்காலைப் பெரட்டில் பெயர் விடுபடாதிருந்தால் அதுவே போதுமானதாக இருந்தது. அவர்தம் பேரப்பிள்ளைகள் இன்று பினாங்குத் தொழிற்சாலைகளுக்கும் அரசாங்க அலுவலகங்களுக்கும் செல்கின்றனர். தேர்ந்துகொள்ளும் உரிமை வந்திருக்கிறது. அதனுடன் குழப்பமும் வந்திருக்கிறது.

இதே பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். தமிழகத்திலிருந்து வந்து ரப்பர்த் தோட்ட உரிமையாளராக உயர்ந்தவர் அவர் தந்தையார். மகன் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்றார். ஊரார் வெற்றி என்று சொல்லும் நிலமும் கல்வியும் பெயரும் இளமையிலேயே அவருக்கு அமைந்துவிட்டன. தந்தையின் நிலத்தை இரண்டு மடங்காக்கியிருந்தால் கெட்டிக்காரப் பிள்ளை என்று புகழ்ந்திருப்பர். அதில் குற்றமும் இல்லை.

அவர் வேறு கணக்கு வைத்திருந்தார். 1954இல் அவர் முயற்சியால் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலை எழுந்தது. 1955 முதல் 1973 வரை ம.இ.கா.வின் தலைவராக விளங்கினார். அமைச்சர் பொறுப்புகளும் வகித்தார். பதவியை வெற்றி என்பாரும் உண்டு. எனினும் அவரது கணக்கை அறியப் பதவிப் பட்டியல் போதாது. தோட்டத் துண்டாடலின் வரலாற்றைப் பார்க்க வேண்டும்.

சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களை விற்றுவிட்டு வெளியேறின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி விற்றனர். நிலம் கை மாறியதும் வேலை போயிற்று. வேலை போனதும் லயத்து வீடு போயிற்று, தோட்டத்துப் பள்ளியும் ஆலயமும் கேட்பாரற்றுப் போயின. மரத்துக்கு ஒரு தலைமுறை உழைத்தவர் ஒரு மாத அறிவிப்பில் மூட்டை முடிச்சுடன் நின்ற கதைகளைக் கேட்டவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும்.

தோட்டத்தைப் பிறர் வாங்குவதற்குள் தொழிலாளரே வாங்கினால் என்ன என்பதே சம்பந்தனின் எண்ணம். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. ஒரு பங்கு 100 வெள்ளி; அதனை மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, லயத்து வாசலில் நின்று அந்தப் பத்து வெள்ளியைக் கேட்டார். கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது, மற்றவை தொடர்ந்தன. கூலியாக நின்ற நிலத்தில் பலர் பங்குதாரராயினர். அச்சங்கம் இன்றும் இயங்கி வருகிறது.

துண்டாடப்பட்ட எல்லாத் தோட்டங்களையும் அது காப்பாற்றிவிடவில்லை. காப்பாற்றப்பட்டவற்றைவிட இழந்தவையே மிகுதி. ஊரார் அளவுகோலை வைத்தால் அரை வெற்றி என்றுதான் எழுதுவர். பொது வாழ்வில் நுழைந்தபோது சம்பந்தனின் கையிலிருந்த நிலத்தின் பெரும்பகுதி, 1979 மே 18ஆம் நாள் அவர் மறைந்தபோது அவரிடம் இல்லை. பேரேட்டில் பார்த்தால் அது நட்டக் கணக்கு. ஒருவர் தேர்ந்துகொள்ளும் வெற்றிக்கு அவருடைய குடும்பமும் விலை கொடுக்கிறது என்பதை மேடைகளில் யாரும் சொல்வதில்லை. வீட்டாரைக் கலந்து எடுக்காத முடிவு, எத்துணை உயர்ந்ததாயினும், வீட்டில் கசப்பையே வளர்க்கும்.

தலைவரைப் புகழ்வது எளிது. பத்து வெள்ளி கட்டியவரை நினைப்பார் குறைவு. நாட்கூலியில் அரிசிக்கடைப் பாக்கி போக, பிள்ளைக்குச் சட்டை வாங்குவதா, காதணி மீட்பதா என்ற நிலையில் அந்தப் பணத்தை எடுத்து வைத்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவராகவும் இருந்திருப்பார். பணம் திரும்பி வருமா என்று அவருக்கு யாரும் உறுதி கூறியிருக்க முடியாது. மற்றவர் மண்ணிலிருந்து தம் பிள்ளைகள் துரத்தப்படக் கூடாது என்பதே வெற்றி என்று அவர் முடிவு செய்தார். கிராணியாரும் கேட்கவில்லை, தண்டலும் கேட்கவில்லை; அவர் தாமே செய்த முடிவு அது.

கிரியான் வட்டாரத்தில் எவர் வீட்டு இரும்புப் பெட்டியிலேனும் அந்தப் பழைய பங்குச் சான்றோ, பணம் கட்டிய சீட்டோ இருக்கக்கூடும். இருப்பின், தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளையை அருகில் அமர்த்தி அதனைக் காட்டுங்கள். அதில் இருக்கும் கைநாட்டு யாருடையது, எந்த மாதம் எவ்வளவு கட்டினார், அந்த மாதம் வீட்டில் எதை வாங்காமல் விட்டார்கள் என்று பிள்ளைகள் கேட்பார்கள். தெரிந்த வரையில் சொல்லுங்கள்.